மருத்துவப் பட செக்மெண்டேஷன் போட்டி: பதிவு முதல் கடைசி சப்மிஷன் வரை முழுமையான வழிகாட்டி

பாண்டியிலும் கடலூரிலும் இன்ஜினியரிங் கடைசி வருஷம் படிக்கும் பிள்ளைகள் மூன்று நான்கு பேராகச் சேர்ந்து இந்தப் போட்டிகளில் பதிவு செய்கிறார்கள். சிடி அல்லது எம்ஆர்ஐ படத்தில் எந்தப் புள்ளி கல்லீரல், எந்தப் புள்ளி கட்டி என்று பிரித்துக் குறிக்க ஒரு மாடலைப் பழக்க வேண்டும். அதுதான் வேலை. பதிவு செய்யும் அணிகளில் பல, நான் பார்த்தவரை, ஒரு சப்மிஷன்கூட உருப்படியாகப் போடாமல் ஒதுங்கிவிடுகின்றன. முதல் நாளே புதுப் புது நியூரல் நெட்வொர்க்காகத் தேடி இறக்குகிறார்கள். படக் கோப்பைத் திறந்து பார்ப்பது மூன்றாவது வாரம். வரிசை தலைகீழாகிவிடுகிறது.

பைத்தான் ஓரளவு எழுதுவீர்கள், பைடார்ச்சில் ஒரு சின்ன மாடலாவது ஓட்டியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள்.

1. எந்தப் போட்டி என்று முடிவெடுங்கள்

முக்கியமான இடம் இரண்டு. ஒன்று, டேட்டா சயின்ஸ் போட்டிகள் நடக்கும் காகிள் தளம். இன்னொன்று, நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் உருவான கிராண்ட் சேலஞ்ச் தளம். மிக்காய் என்ற வருடாந்திர மாநாட்டை ஒட்டி நடக்கும் போட்டிகள் பல இந்த இரண்டாவது தளத்தில்தான் நடக்கும்.

தலைப்பை மட்டும் பார்த்துச் சேராதீர்கள். 2019இல் அரவிந்த் கண் மருத்துவமனையின் விழித்திரைப் படங்களை வைத்துக் காகிளில் ஒரு போட்டி நடந்தது. நம்ம தவளக்குப்பத்தில் கிளை இருக்கிறதே, அதே அரவிந்த்தான். ஆனால் அது நீரிழிவு விழித்திரை நோய் எந்த நிலையில் இருக்கிறது என்று 0 முதல் 4 வரை தரம் பிரிக்கும் போட்டி. மாஸ்க், அதாவது எந்தப் புள்ளி எது என்று குறித்த படம், வரையும் வேலையே அதில் கிடையாது. ஆகவே விடையாக என்ன கேட்கிறார்கள் என்பதை முதலில் பாருங்கள்: ஒரு எண்ணா, ஒரு பெட்டியா, புள்ளிக்குப் புள்ளி மாஸ்க்கா?

முதல் தடவை என்றால், நடந்துகொண்டிருக்கும் போட்டிக்கு முன்னால் முடிந்துபோன ஒன்றில் கை பழக்குங்கள். 2018இல் நடந்த மெடிக்கல் செக்மெண்டேஷன் டெகாத்லானில் பத்துப் பணிகள் உண்டு. தரவு இன்றும் இலவசம். அதில் மண்ணீரல் பணிக்கு லேபிளோடு (சரியான விடையைக் குறித்த மாஸ்க்கோடு) 41 சிடி மட்டுமே. சாதாரண கம்ப்யூட்டரிலும் சமாளிக்கலாம். 2டி போதும் என்றால் விழித்திரை ரத்தக்குழாய்களுக்கான டிரைவ் தொகுப்பு இருக்கிறது, மொத்தமே 40 படம். மகாராஷ்டிராவின் நாந்தேடில் எடுத்த படங்களைக் கொண்ட ஐடிஆர்ஐடி தொகுப்பில், புண்களைக் குறித்துக் கொடுத்த படங்கள் 81.

முதலில் உறுப்பு, அப்புறம் கட்டி என்பது என் கட்சி. மண்ணீரல் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே இடத்தில் இருக்கும். மாடல் தப்பு செய்தால் உங்களுக்கே தெரியும். மூளைக் கட்டிக்கான பிராட்ஸ் போட்டியில் ஒரு நோயாளிக்கு நான்கு வகை எம்ஆர்ஐ, மூன்று வகைத் திசு. அங்கே ஆரம்பித்தால் தப்பு நடப்பதே கண்ணில் படாது.

மிக்காய் போட்டிகள் பெரும்பாலும் வசந்த மாதங்களில் அறிவிப்பாகி, ஜூலையிலிருந்து செப்டம்பருக்குள் முடியும். நம்ம செமஸ்டர் பரீட்சை ஏப்ரல், மே மாதங்களில். அறிவிப்பு வந்ததும் பதிவு செய்துவிடுங்கள். தரவுக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்து, அனுமதி எல்லாம் வரச் சில நாள் ஆகும். பரீட்சை முடிந்த மறுநாள் வேலையைத் தொடங்க அது உதவும்.

2. விதிகளைப் படித்து ஒரு தாளில் எழுதுங்கள்

படித்தேன் என்று சொன்னால் போதாது, எழுத வேண்டும். அணியில் ஒருவர் எழுத, மற்றவர் சரிபார்க்க வேண்டும். எழுத வேண்டியவை: எதைச் சமர்ப்பிக்க வேண்டும், ஸ்கோர் எப்படிக் கணக்கிடுகிறார்கள், வெளித் தரவும் ஏற்கெனவே பழகிய மாடலும் அனுமதியா, ஒரு நாளைக்கு எத்தனை சப்மிஷன், கடைசி நேரம் எது.

கடைசி நேரத்தில் ஏமாறுபவர்கள் அதிகம். காகிளில் இரவு 11:59 என்று இருந்தால் அது யூடிசி (உலகப் பொது) நேரம். நமக்கு மறுநாள் அதிகாலை 5:29. மாநாட்டுப் போட்டிகளில் 'உலகின் எந்த இடத்திலும்' என்ற கணக்கு வரும். அந்த 11:59 நமக்கு மறுநாள் மாலை 5:29. இந்திய நேரத்தை எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

அணி விஷயத்தில் ஒன்று. காகிளில் அணிக்கு வெளியே தனிப்பட்ட முறையில் கோட் பகிரக் கூடாது, ஒருவருக்கு ஒரு கணக்குதான். ஹாஸ்டலில் பக்கத்து ரூம் நண்பனுக்கு வாட்ஸ்அப்பில் கோட் நோட்புக் அனுப்புவது நட்புக்கு அழகாக இருக்கலாம். போட்டியில் அதனால் இரண்டு அணிகளுமே தகுதி இழக்க நேரலாம்.

இன்னொரு ஆசை வரும்: தெரிந்த ஸ்கேன் சென்டரில் கேட்டுப் பத்து சிடி வாங்கிச் சேர்த்துக்கொள்ளலாமே என்று. வேண்டாம். ஸ்கேன் இயந்திரம் தரும் டைகாம் கோப்பின் தலைப்பில் நோயாளியின் பெயர், பிறந்த தேதி, எண் எல்லாம் இருக்கும். பெயரை அழித்தாலும், தலை எம்ஆர்ஐயிலிருந்து முகத்தையே 3டியாக மீட்டெடுக்க முடியும். நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் அதைத் தொடவே கூடாது. 2023ஆம் ஆண்டின் தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் மறந்துவிடாதீர்கள்.

3. கைவசம் இருக்க வேண்டியவை

ஜிபியூ (மாடலை வேகமாகப் பழக்க உதவும் சிப்): காகிள் வாரத்துக்குச் சுமார் 30 மணி நேரம் இலவசமாகத் தருகிறது, அதற்குப் போன் நம்பரைச் சரிபார்த்திருக்க வேண்டும். ஒரு அமர்வு அதிகபட்சம் 12 மணி நேரம். கூகுள் கோலாபின் இலவச ஜிபியூ எப்போது வேண்டுமானாலும் கழன்றுகொள்ளும். கேமிங் லேப்டாப் இருந்தால் நல்லதுதான், ஆனால் அக்னி நட்சத்திரத்தில் ஏசி இல்லாத அறையில் ராத்திரி முழுக்க ஓட்டினால் சூடு தாங்காமல் அது தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

இடம்: 512க்கு 512 அளவில் 500 ஸ்லைஸ் (குறுக்குவெட்டுப் படம்) கொண்ட ஒரே ஒரு சிடி, 32 பிட் எண்ணாக மெமரியில் விரிந்தால் 524 எம்பி. சுருக்கிய கோப்பின் அளவைப் பார்த்து ஏமாறாதீர்கள். முன்தயாரிப்புக் கோப்புகளும் சேர்ந்தால் மூலத் தரவைப் போலப் பல மடங்கு இடம் போகும். ஒரு வெளி எஸ்எஸ்டி வாங்கிக்கொள்ளுங்கள்.

கரண்ட்: 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்ததை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை நடக்கும் போட்டி என்றால் சொந்த இயந்திரத்தை மட்டும் நம்பாதீர்கள். மாடலின் நிலையை அடிக்கடி சேமிக்கும்படி அமைத்து, அதன் நகல் ஒன்று கிளவுடிலும் இருக்கட்டும். சேமித்த இடத்திலிருந்து மறுபடி தொடங்குகிறதா என்று வேண்டுமென்றே பாதியில் நிறுத்தி ஒரு தடவை சோதித்துப் பாருங்கள்.

ஆள்: உடற்கூறு தெரிந்த ஒருவர் தேவை. ஜிப்மரிலோ வேறு மருத்துவக் கல்லூரியிலோ ரேடியாலஜி பிஜி படிக்கும் அண்ணனோ அக்காவோ தெரிந்தால் அரை மணி நேரம் கேளுங்கள். "சார், எங்க மாடலைப் பாருங்க" என்று போய் நிற்காதீர்கள். குழப்பமான ஐந்து ஸ்லைஸ்களை எடுத்துக்கொண்டு போய், "இந்த ஓரத்தை ஏன் கட்டியில சேர்த்திருக்காங்க?" என்று கேட்டால் பதில் கிடைக்கும்.

4. படங்களைக் கண்ணால் பாருங்கள்

ஸ்கேன் படங்களைப் பார்க்க 3டி ஸ்லைசர் அல்லது ஐடிகே-ஸ்னாப் மென்பொருளை நிறுவுங்கள், இரண்டும் இலவசம். இருபது நோயாளிகளின் படத்தையாவது மாஸ்க்கை மேலே போட்டுப் பாருங்கள். கோட் எழுதுவதெல்லாம் அப்புறம்.

பார்க்கும்போது ஒவ்வொன்றுக்கும் குறித்துக்கொள்ள வேண்டியது: ஸ்லைஸ் எத்தனை, வாக்ஸல் (3டி படத்தின் ஒரு புள்ளி) இடைவெளி எவ்வளவு, லேபிளில் என்னென்ன எண்கள், மாஸ்க் காலியாக இருக்கிறதா. ஒரே தொகுப்பில் ஒரு சிடி 1 மில்லிமீட்டர் தடிமனிலும் இன்னொன்று 5 மில்லிமீட்டரிலும் இருக்கும். இது தெரியாமல் எல்லாவற்றையும் ஒரே அளவு பெட்டிக்குள் திணித்தால் சிறுநீரகம் சப்பையாகிவிடும்.

சிடியில் எண்களுக்கு அர்த்தம் உண்டு. ஹவுன்ஸ்ஃபீல்டு என்ற அடர்த்தி அளவில் காற்று -1000, தண்ணீர் 0, கொழுப்பு -100 வாக்கில். வயிற்றுப் பகுதியைப் பார்க்க நடு 40, அகலம் 400 என்று விண்டோ வையுங்கள். அதாவது -160 முதல் 240 வரை மட்டும் காட்டச் சொல்கிறீர்கள்.

இங்கேதான் புதியவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். எடுத்த எடுப்பில் எல்லா ஸ்லைஸையும் பிஎன்ஜி ஆக்கிவிடுவார்கள். -1000 முதல் 3000 வரை உள்ள வீச்சை 256 சாம்பல் நிலைகளில் அடக்கினால், ஒரு நிலைக்குக் கிட்டத்தட்ட 16 அலகு. கல்லீரலுக்கும் அதில் உள்ள கட்டிக்கும் வித்தியாசம் பல நேரம் சில பத்து அலகுகள்தான். இரண்டு மூன்று சாம்பல் நிலைகளில் கட்டி கரைந்துவிடும். பிறகு எந்த நெட்வொர்க் வந்தும் அதை மீட்க முடியாது.

எம்ஆர்ஐயில் இப்படி நிலையான அலகு கிடையாது. ஒரே மூளையை வேறு இயந்திரத்தில் எடுத்தால் எண்களே வேறு. அதனால் ஒவ்வொரு ஸ்கேனையும் தனித்தனியாக, அதன் சொந்த சராசரியையும் திட்ட விலக்கத்தையும் வைத்துச் சமன்படுத்துங்கள்.

5. திசையும் இடைவெளியும் சரியா என்று பாருங்கள்

நிஃப்டி என்ற மருத்துவப் படக் கோப்பில் எண்களோடு கூடவே, அந்த எண்கள் உடலில் எங்கே, எந்தத் திசையில், எத்தனை மில்லிமீட்டர் இடைவெளியில் இருக்கின்றன என்ற தகவலும் இருக்கும். நீங்கள் சேமிக்கும் மாஸ்க்கில் அந்தத் தகவல் மூலப் படத்தோடு அப்படியே பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் மதிப்பீட்டு நிரல் பிழை காட்டும். அல்லது, இதைவிட மோசமாக, ஒன்றும் சொல்லாமல் ஸ்கோர் 0 தரும்.

படத்தைப் படிக்கும் பைத்தான் நூலகங்கள் இரண்டைக் கலந்து பயன்படுத்தும்போது கவனம். நிபேபல் எண்களை எக்ஸ், ஒய், இசட் வரிசையில் தரும். சிம்பிள்ஐடிகேயிலிருந்து நம்பை (பைத்தானின் எண் நூலகம்) வரிசையாக எடுத்தால் இசட், ஒய், எக்ஸ். ஒன்றில் படித்து மற்றொன்றில் எழுதினால் படம் புரண்டுவிடும். அணி முழுக்க ஒரே நூலகம் என்று முடிவெடுங்கள்.

வாக்ஸல் இடைவெளியை மாற்றும்போது படத்துக்கு ஒரு முறை, மாஸ்க்குக்கு வேறு முறை. படத்துக்கு நேர்கோட்டு இடைக்கணிப்பு அல்லது ஸ்ப்லைன் சரி. மாஸ்க்குக்கு அதையே போட்டால் என்ன ஆகும் பாருங்கள்: பின்னணி 0, கல்லீரல் 1, கட்டி 2. கல்லீரலின் விளிம்பில் ஒரு கட்டி, அதை ஒட்டிப் பின்னணி. 0க்கும் 2க்கும் நடுவில் சராசரி எடுத்தால் 1 வரும். இல்லாத கல்லீரல் கட்டியைச் சுற்றி ஒரு வளையமாக முளைத்துவிடும். மாஸ்க்குக்கு அருகிலுள்ள எண்ணையே எடுக்கும் முறையைப் போடுங்கள்.

சோதனை சுலபம். கொடுத்த லேபிளையே உங்கள் கோட் வழியாகப் படித்து, சேமித்து, மூலத்தோடு ஒப்பிடுங்கள். இடைவெளியை மாற்றாத பாதையில் டைஸ் ஸ்கோர் (இரண்டு மாஸ்க் எவ்வளவு பொருந்துகின்றன என்ற அளவு, படி 7இல் வரும்) சரியாக 1 வர வேண்டும். 0.99 வந்தாலும் எங்கோ தப்பு.

6. மாடல் இல்லாமலே முதல் சப்மிஷன் போடுங்கள்

எல்லாப் புள்ளியும் 0 என்று ஒரு காலி மாஸ்க் செய்து சமர்ப்பியுங்கள். ஸ்கோர் கேவலமாக வரும், பரவாயில்லை. கோப்பின் பெயர், வடிவம், எண்ணிக்கை எல்லாம் தளத்துக்கு ஏற்றபடி இருக்கிறதா என்பது அன்றைக்கே தெரிந்துவிடும். இதைக் கடைசி வாரத்துக்கு வைத்துக்கொண்டு தவிப்பவர்கள் எத்தனை பேர்!

காகிளில் பல போட்டிகள் மாஸ்க்கை ஆர்எல்ஈ என்ற சுருக்க வடிவில் கேட்கும்: எந்தப் புள்ளியில் தொடங்கி, எத்தனை புள்ளி நீளம் என்று. பெரும்பாலும் எண்ணிக்கை 1இல் தொடங்கி, மேலிருந்து கீழாகப் போய், அப்புறம் அடுத்த நெடுவரிசைக்கு வரும். 3க்கு 3 படம் ஒன்றில் நடு நெடுவரிசை மட்டும் நிரம்பியிருந்தால் விடை "4 3". நம்பையின் இயல்பான வரிசையில் இடமிருந்து வலமாக எண்ணினால் "2 1 5 1 8 1" என்று வரும். இரண்டாவதை அனுப்பினால் உங்கள் மாஸ்க் சாய்ந்து கிடப்பதாகத்தான் தளம் படிக்கும். இந்த 3க்கு 3 உதாரணத்தை உங்கள் நிரலில் ஒரு சோதனையாகவே எழுதி வைத்துவிடுங்கள். விதி போட்டிக்குப் போட்டி மாறும். அந்தந்தப் பக்கத்தில் சரிபாருங்கள்.

7. ஸ்கோரை நீங்களே கணக்கிடுங்கள்

டைஸ் என்பது இரண்டு மாஸ்க்கும் ஒன்றின்மேல் ஒன்று விழும் பகுதியின் இரு மடங்கை, இரண்டின் மொத்தப் பரப்பால் வகுப்பது. சூத்திரம் எல்லோருக்கும் தெரியும். அது எப்படி நடந்துகொள்ளும் என்பது தெரிய வேண்டும்.

4க்கு 4 சதுரத்தை ஒரு புள்ளி நகர்த்துங்கள். பொதுப் பகுதி 12, டைஸ் 24/32, அதாவது 0.75. 40க்கு 40 சதுரத்தை அதே ஒரு புள்ளி நகர்த்தினால் பொதுப் பகுதி 1560, டைஸ் 0.975. தப்பு ஒன்றுதான், தண்டனை வேறு. சின்னக் கட்டிகள் உள்ள தரவில் உங்கள் சராசரி ஏன் ஏற மறுக்கிறது என்பதற்குப் பாதி விடை இங்கே இருக்கிறது.

காலியான விடைகளை எப்படிக் கணக்கில் எடுக்கிறார்கள் என்றும் பாருங்கள். பிராட்ஸில், மருந்து ஏற்றியதும் ஒளிரும் கட்டிப் பகுதி ஒரு நோயாளிக்கு இல்லவே இல்லை என்றால், நீங்களும் காலியாக விட்டால் 1, ஒரே ஒரு வாக்ஸலைக் குறித்தாலும் 0. டைஸோடு, விளிம்பு எத்தனை மில்லிமீட்டர் தள்ளிப் போயிருக்கிறது என்று சொல்லும் ஹவுஸ்டார்ஃப் 95 அளவும் பல போட்டிகளில் சேரும். அதில், தூரத்தில் தனியாக விழுந்த ஓரளவு பெரிய தப்புத் திட்டு ஒன்று போதும், ஸ்கோரைக் கெடுக்க.

அமைப்பாளர்கள் மதிப்பீட்டு நிரலைக் கொடுத்திருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள், சொந்தமாக எழுதாதீர்கள்.

8. தரவை நோயாளி வாரியாகப் பிரியுங்கள்

ஸ்லைஸ் வாரியாகக் கலைத்துப் பிரித்தால், ஒரே நோயாளியின் 57ஆவது ஸ்லைஸ் பயிற்சியிலும் 58ஆவது ஸ்லைஸ் சோதனையிலும் போய்விடும். இரண்டும் ஏறக்குறைய ஒரே படம். வீட்டில் 0.95 வந்த ஸ்கோர் தளத்தில் சரிந்ததாகச் சொல்லிக்கொண்டு வரும் அணியிடம் நான் முதலில் கேட்பது இந்தப் பிரிப்புக் கோப்பைத்தான்.

ஐந்து பங்காகப் பிரியுங்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு பங்கைச் சோதனைக்கு ஒதுக்கி, மற்ற நான்கில் மாடலைப் பழக்க வேண்டும். ஒரே நோயாளி ஆறு மாதம் கழித்து எடுத்த இன்னொரு ஸ்கேனும் அதே பங்கில்தான் போக வேண்டும். எந்த மருத்துவமனை, எந்த இயந்திரம் என்ற விவரம் இருந்தால் ஒவ்வொரு பங்கிலும் எல்லாம் கலந்திருக்கும்படி பாருங்கள். கட்டி இல்லாத நோயாளிகளும் அப்படியே. பிரிப்பை ஒரு கோப்பில் சேமித்து, அணியில் எல்லோரும் அதையே பயன்படுத்துங்கள்; ஆளுக்கொரு பிரிப்பு என்றால் யார் ஸ்கோரையும் யார் ஸ்கோரோடும் ஒப்பிட முடியாது.

9. முதல் மாடல்: என்என்யூ-நெட்

ஜெர்மனியின் ஹைடல்பெர்க் புற்றுநோய் ஆய்வு மையத்தில் உருவான இந்தக் கருவி, உங்கள் தரவை அலசி, இடைவெளி, படத்திலிருந்து வெட்டி மாடலுக்குக் கொடுக்கும் துண்டின் அளவு, நெட்வொர்க்கின் ஆழம் எல்லாவற்றையும் தானே முடிவு செய்யும். சொந்தமாக ஒன்றைக் கட்டுவதற்கு முன் இதை ஓட்டிவிடுங்கள். இதைத் தாண்டாத எந்த யோசனையும் இன்னும் யோசனைதான்.

தடுக்கி விழும் இடம் கோப்புறைதான். மூலத் தரவு, முன்தயாரிப்பு, விடை ஆகிய மூன்று கோப்புறைகளுக்கும் பாதை கொடுக்க வேண்டும். படக் கோப்பின் பெயர் முடிவில் _0000 என்று சேனல் எண் வர வேண்டும். நான்கு வகை எம்ஆர்ஐ என்றால் _0003 வரை. லேபிள் கோப்புக்கு அந்த எண் கூடாது. லேபிள்கள் 0, 1, 2, 3 என்று தொடர்ச்சியாக இருக்க வேண்டும். பழைய பிராட்ஸ் தரவில் 0, 1, 2, 4 என்று இருக்கும். 4ஐ 3 ஆக்கிப் பழக்கி, சமர்ப்பிக்கும்போது மறக்காமல் 4க்குத் திருப்ப வேண்டும். முன்தயாரிப்புக் கட்டளையிலேயே தரவைச் சரிபார்க்கும் விருப்பம் உண்டு. அதைத் தவிர்க்காதீர்கள்.

இயல்பில் இது 1000 ஈபாக் (பயிற்சிச் சுற்று) ஓடும். ஒரு ஈபாக் 2 நிமிடம் என்றால் 33 மணி நேரத்துக்கு மேல். காகிளின் ஒரு வார ஒதுக்கீடு ஒரே பங்குக்குப் போய்விடும். அதனால் 250 ஈபாக் ஓடும் வகையை எடுத்து, முதல் பங்கைச் சோதனைக்கு ஒதுக்கிய மாடலை மட்டும் பழக்குங்கள். நிறுத்திய இடத்திலிருந்து தொடரும் வசதியும் இருக்கிறது. ஐந்து பங்கையும் முழுதாக ஓட்டுவது கடைசிக்கு.

2டியா 3டியா என்ற சண்டை அணிக்குள் வரும். இரண்டையும் ஒரே பங்கில் ஓட்டிப் பாருங்கள், சண்டை முடிந்துவிடும்.

10. தப்புகளைப் பார்த்து, ஒவ்வொன்றாக மாற்றுங்கள்

சோதனைப் பங்கில் டைஸ் மிகக் குறைந்த பத்து நோயாளிகளை எடுத்து ஸ்லைசரில் திறங்கள். சராசரியை வெறித்துப் பார்ப்பதில் பயனில்லை. அந்தப் பத்திலும் என்ன நடந்தது என்று எழுதுங்கள்: சின்னக் கட்டியைத் தவறவிட்டதா, பக்கத்து உறுப்பைச் சேர்த்துக்கொண்டதா, விளிம்பு மட்டும் தள்ளிப்போனதா, அல்லது லேபிளே தப்பா?

தவறவிட்டால், பயிற்சித் துண்டுகளில் கட்டி உள்ளவற்றின் பங்கைக் கூட்டுங்கள். பக்கத்து உறுப்பைக் குழப்பினால் துண்டு போதுமான பெரிதாக இல்லை, சுற்றுப்புறம் மாடலுக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். விளிம்புத் தப்பு என்றால் இடைவெளியைப் பாருங்கள். லேபிள் தப்பு என்று தோன்றினால் ரேடியாலஜி தெரிந்தவரிடம் கேட்கும் முன் கை வைக்காதீர்கள்.

இடது, வலது என்று தனித்தனி லேபிள் உள்ள தரவில் ஒரு பொறி உண்டு. பயிற்சியில் படத்தைக் கண்ணாடி போலத் திருப்பும் வழக்கம் இயல்பாகவே இயங்கும். இடது சிறுநீரகப் படத்தைத் திருப்பினால் அது வலதுபோல் தெரியும், லேபிள் இடது என்றே இருக்கும். மாடல் இரண்டையும் குழப்பிக்கொள்ளும். அந்த மாதிரித் தரவில் திருப்புவதை நிறுத்துங்கள், பயிற்சியிலும் சரி, விடை எடுக்கும்போதும் சரி.

ஒரு தடவைக்கு ஒரே மாற்றம். தேதி, மாற்றம், ஸ்கோர் மூன்றையும் அட்டவணையில் எழுதுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றி ஸ்கோர் ஏறினால் எதனால் ஏறியது என்று யாருக்கும் தெரியாது.

11. விடையைச் சுத்தம் செய்வது

உறுப்பு ஒன்றுதான் என்றால் ஒட்டியிருக்கும் மிகப் பெரிய திட்டை மட்டும் வைத்து மற்றதை நீக்கலாம். கட்டிக்கு இதைச் செய்யாதீர்கள், ஒருவருக்குப் பல கட்டி இருக்கும். எந்த நீக்கமானாலும் ஐந்து பங்கிலும் ஸ்கோர் ஏறுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சேர்க்க வேண்டும்.

12. டாக்கர் பெட்டியைத் தயார் செய்யுங்கள்

கிராண்ட் சேலஞ்ச் வகைப் போட்டிகளில் பெரும்பாலும் டெஸ்ட் படங்களை உங்களிடம் தர மாட்டார்கள். உங்கள் நிரலை, அது ஓட வேண்டிய எல்லாவற்றோடும் சேர்த்து, டாக்கர் பெட்டியாகக் கட்டி அனுப்ப வேண்டும். அவர்கள் இயந்திரத்தில் இணையம் இல்லாமல் ஓட்டுவார்கள். நல்ல மாடல் வைத்திருந்தும் இந்தப் படியில் கவிழும் அணிகள் உண்டு. கடைசித் தேதிக்கு மூன்று வாரம் முன்பே, அரைகுறை மாடலை வைத்தாவது ஒரு பெட்டி கட்டிவிடுங்கள்.

வீட்டில் இணையத்தை முழுவதும் துண்டித்து ஓட்டிப் பாருங்கள். ஏதோ ஒரு நூலகம் முதல் தடவை ஓடும்போது பழகிய மாடலின் எடைக் கோப்பை இணையத்திலிருந்து இறக்கப் பார்க்கும். உங்கள் கம்ப்யூட்டரில் அது ஏற்கெனவே இறங்கியிருப்பதால் உங்களுக்குத் தெரியாது. அங்கே போய் நின்றுவிடும்.

கோப்புறைப் பாதைகளை உங்கள் லேப்டாப்பில் உள்ளபடி எழுதி வைத்திருக்கக் கூடாது. உள்ளீடும் வெளியீடும் அவர்கள் சொன்ன இடத்திலேயே. நிர்வாகி உரிமை இல்லாத பயனராக ஓட்டிப் பாருங்கள், கோப்பு எழுத அனுமதி இல்லை என்ற பிழை அப்போதுதான் வெளியே வரும்.

ஒரு நோயாளிக்கு இத்தனை நிமிடம், இவ்வளவு மெமரி என்று வரம்பு இருக்கும். உங்களிடம் உள்ள மிகப் பெரிய சிடியை வைத்துச் சோதியுங்கள். ஐந்து மாடலின் விடையைச் சேர்ப்பது, படத்தை எட்டு விதமாகத் திருப்பி ஒவ்வொன்றுக்கும் விடை எடுப்பது என்று எல்லாம் சேர்த்தால் நேரம் நாற்பது மடங்கு ஆகும். வரம்பை மீறினால் அந்த நோயாளிக்கு விடையே இல்லை.

ஏற்றும் நேரத்தையும் கணக்கிடுங்கள். 6 ஜிபி பெட்டி, நொடிக்கு 20 மெகாபிட் ஏற்றும் வேகம் என்றால் 40 நிமிடம். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் 2 மெகாபிட்தான் கிடைக்கிறது என்றால் 6 மணி 40 நிமிடம், நடுவில் அறுபடாமல் இருந்தால். கல்லூரி லேபில் கேட்டு வையுங்கள்.

13. கடைசி வாரம்

புது யோசனைக்கு இனி இடமில்லை. நிரலை உறைய வைத்துவிட்டு ஐந்து பங்கையும் முழுதாகப் பழக்குங்கள். ஐந்தின் சராசரியே கடைசி விடை.

காகிளில் போட்டி நடக்கும்போது தெரியும் தரவரிசைப் பட்டியல் டெஸ்ட் தரவின் ஒரு பகுதியை வைத்துப் போட்டது. கடைசி இடத்தை மற்றொரு பகுதி முடிவு செய்யும். தெரியும் பட்டியலில் மூன்றாம் தசமம் ஏறுகிறதே என்று அதற்கேற்ப வளைந்துகொண்டே போனால் கடைசியில் சறுக்கும். கடைசித் தேர்வுக்கு இரண்டு சப்மிஷன் அனுமதி என்றால், ஒன்று உங்கள் ஐந்து பங்கு சராசரியில் முதலிடம் பிடித்ததாக இருக்கட்டும், மற்றொன்று தளத்தில் முதலிடம் பிடித்தது. தேர்வுப் பெட்டியில் டிக் போட்டாயிற்றா என்று இரண்டு பேர் பாருங்கள்.

கடைசி டெஸ்ட் கட்டத்தில் ஒரே சப்மிஷன்தான் என்று வைக்கும் போட்டிகளும் உண்டு. முந்தைய கட்டத்தில் வெற்றிகரமாக ஓடிய அதே பெட்டியையே அனுப்புங்கள், கடைசி ராத்திரி கட்டிய புதிதை வேண்டாம்.

14. முடிந்த பிறகு

மாநாட்டுப் போட்டிகளில் உங்கள் முறையை விளக்கும் சில பக்கக் கட்டுரையும் கேட்பார்கள். அதற்குத் தனிக் கடைசித் தேதி. தவறினால் பட்டியலில் பெயர் வராமலும் போகலாம். படி 10இல் வைத்த அட்டவணை அப்படியே இதற்கு உதவும்.

முன்னணி அணிகள் தங்கள் முறையை வெளியிடும்போது ஒன்றிரண்டைப் படித்து, அதில் உள்ள ஒரே ஒரு மாற்றத்தை உங்கள் பழைய பிரிப்பில் ஓட்டிப் பாருங்கள். காகிளில் பெரும்பாலும் முடிந்த போட்டிக்கும் தாமத சப்மிஷன் போடலாம். ஸ்கோர் காட்டும், இடம் மட்டும் தராது.